நாற்காலியின் நாலாவது கால்

என் மச்சான் ஷெட் சாவியை ஒரு நாளும் என் கையில் தந்ததில்லை. காலையில் நான் கேட்டைத் தட்டினால் முன்னறை ஜன்னலை மேலே தூக்குவார். பக்கவாட்டில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, சாவியைத் திட்டின் மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விடுவார். மாலையில் நானும் அதே திட்டில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே வந்துவிடுவேன். அந்த மாதம் முழுக்க எங்களுக்குள் இருந்த மரியாதை அவ்வளவுதான்.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவள் இறந்து இரண்டாவது வருடம் ஒரு நாள் போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் எங்களிடம் கிடையாது.

"மாப்பிள்ளை, ஷெட்டை இடிக்கப் போறேன். சரக்கு வெக்க இடம் பத்தல. மாசக் கடைசிக்குள்ள வண்டி வெளிய போகணும்."

"சரி மச்சான். இழுத்துட்டு வர்ற வண்டிக்குச் சொல்லிடறேன்."

"இழுக்கறதா? எங்கப்பா வண்டியக் கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போறத இந்தத் தெரு பாக்கணுமா? அது தானா ஓடி இந்த கேட்டத் தாண்டினா உங்களுது. அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். ஓடலேன்னா இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

"வண்டி அவ பேர்ல இருக்கு."

"அவ எங்க இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அது என் மாமனார் வாங்கிய வண்டி. கரும்பச்சை நிறம், உருண்டை முதுகு, பூனைக்குட்டி படுக்கும் அளவுக்கு அகலமான மட்கார்டு. அவர் அதை மகனுக்குக் கொடுக்கவில்லை. "இவன் கையில குடுத்தா கியர ஒடிப்பான்" என்று நாலு பேர் முன்னால் சொல்லி மகளுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டார்கள். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போன திருடனைப் பார்ப்பது போலத்தான் அவர் பார்த்தார். இத்தனைக்கும் எனக்கு அப்போது ஓட்டவே தெரியாது.

என் மனைவி கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். காலையில் அவள் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் அன்றைய புரூஃபைச் சத்தமாக வாசிப்பேன். அவள் கண் சாலையில் இருக்கும், காது என் வாயில் இருக்கும். "அந்த வாக்கியம் நொண்டுது, திரும்பப் படிங்க" என்பாள். அநேகமாக நொண்டும். உடம்புக்கு வந்து மருத்துவமனையே கதி என்று ஆனபோது, வண்டியைத் தன் அப்பா வீட்டு ஷெட்டில் தன் கையாலேயே நிறுத்தினாள். வண்டியின் தகுதிச் சான்றிதழ் முடிந்திருந்தது; அது இல்லாத வண்டியை எங்கள் அடுக்குமாடியில் நிறுத்த விடமாட்டார்கள். "நானே வந்து எடுப்பேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றாள். வரவில்லை.

மெக்கானிக்கை எல்லோரும் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். சோடா பாட்டில் அடிப்பாகம் போன்ற கண்ணாடி. அதற்கு அளவு பார்த்துக் கொடுத்ததும் என் மனைவிதான். அந்த நன்றியில் வந்தான் என்று நினைத்தேன். முதல் நாளே அந்த நினைப்பைத் துடைத்துப் போட்டான்.

"இத ஓட வெக்கறதுக்குப் பதிலா நாலு கோழி வாங்கி உள்ள விடலாம் சார். முட்டையாவது கிடைக்கும்."

"முடியாதுன்னா சொல்லு. வேற ஆளப் பாக்கறேன்."

"நான் எப்ப முடியாதுன்னேன்? வாய்க்குள்ள பூந்து பேசாதீங்க."

ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெட்ரோல் தொட்டியின் அடியில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து, வார்னிஷ் வாடை அடித்தது. டயர்கள் வெடிப்பு விட்டிருந்தன. பிரேக் சிலிண்டர்கள் நாலும் இறுகிப்போயிருந்தன. சோடா ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முறை திட்டினான். நான் மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்தேன். துடைத்தது போதாது என்று என்னையும் திட்டினான். ஓட்டுநர் சீட் என் மனைவியின் உயரத்துக்கு முன்னால் தள்ளியபடியே இருந்தது. அவன் உள்ளே நுழைய முடியாமல் முனகிக்கொண்டே அதை நகர்த்தும் நெம்புகோலைப் பிடித்தான்.

"அத விடு. நகர்த்தாத" என்றேன்.

"முட்டி ஸ்டீரிங்ல இடிக்குது சார்."

"இடிக்கட்டும்."

"உங்களுக்கென்ன, முட்டி என்னுது" என்றான். ஆனால் நகர்த்தவில்லை.

மச்சான் கடையிலிருந்து சாப்பிட வரும்போது ஷெட் வாசலில் வந்து நிற்பார். உள்ளே கால் வைக்க மாட்டார். வெளியே நின்றபடியே பேசுவார்.

"என்ன மாப்பிள்ளை, எத்தன எழுத்துப் பிழை கண்டுபிடிச்சீங்க?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பேன்.

"லைசென்ஸ் எடுத்துட்டீங்களாமே இந்த வயசுல. பள்ளிக்கூடப் பசங்களோட வரிசைல நின்னீங்களாம்?"

"நின்னேன். கியர ஒடிக்காம ஓட்டறேன்னு சர்டிபிகேட் குடுத்தாங்க."

அவர் முகம் கறுத்தது. சோடா தலையை இன்ஜினுக்குள் விட்டுக்கொண்டு இருமுவது போலச் சிரித்தான்.

இன்ஜின் முதல் முறை உயிர் பெற்ற அன்று, உள்ளே ஊற்றி வைத்திருந்த எண்ணெயெல்லாம் புகையாகக் கிளம்பியது. வெள்ளைப் புகை. ஷெட்டை நிறைத்து, முற்றத்தைத் தாண்டி, மாடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளுக்குள் புகுந்தது. மச்சானின் மனைவி மேலேயிருந்து ஒரு மூச்சு விடாமல் கத்தினார். அவர் கத்தியதில் பாதி இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்ட பாதி எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் அதே சத்தம். லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு ஓடுகிற சத்தம். நான் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன். புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தச் சந்தோஷம் வெகு நேரம் நிற்கவில்லை. சோடா கிளட்சை மிதித்து கியரைத் தள்ளினான். கரகரவென்று அரைத்துவிட்டு இன்ஜின் செத்தது. மறுபடி செய்தான். மறுபடி செத்தது. இறங்கி வந்து, கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்தான்.

"கிளட்ச் ஒட்டிக்கிச்சு சார். தட்டு துருப் பிடிச்சு இன்ஜின் சக்கரத்தோட ஒட்டிக்கிச்சு. நீங்க எவ்வளவு மிதிச்சாலும் ரெண்டும் பிரியாது. பிரியாம கியர் விழாது. கியர்பாக்ஸ இறக்கித்தான் பாக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"மாசக் கடைசிக்கு முன்னாடி ஆகாது."

மாசக் கடைசி அந்த வாரத்திலேயே இருந்தது.

"வருஷக்கணக்கா நிறுத்தற வண்டிக்கு கிளட்ச் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு கட்டையக் குடுத்து, பெடல் அமுங்கியே இருக்கற மாதிரி வெக்கணும். தட்டு தனியா நிக்கும், ஒட்டாது. இது தெரியாம நிறுத்தியிருக்காங்க. அம்மா எனக்கு அளவெடுத்து நல்ல கண்ணாடி குடுத்தாங்க. வண்டிக்கு ஒரு கட்டை குடுக்கல."

எனக்குச் சுரீரென்றது. "குடுத்தா" என்றேன்.

"எது?"

"கட்டை. நான்தான் டார்ச் புடிச்சேன். என் நாற்காலிக் கால்."

எங்கள் வீட்டில் நான் உட்கார்ந்து புரூஃப் பார்க்கும் நாற்காலியின் கால் ஒன்று அப்போது ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடுங்கி, ஷெட்டுக்கு எடுத்துவந்து அளவு பார்த்தாள். "சரியா எட்டுது பாருங்க. கடைஞ்செடுத்த கால், நல்ல தேக்கு" என்றாள். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் இறுக்கி வைத்தாள். மூன்று வளையம் கடைந்த கால். நாற்காலிக்கு நான் வேறு கால் போட்டேன். அது நிறம் சேராமல் இன்றைக்கும் நிற்கிறது.

சோடா குனிந்து சீட்டுக்கடியில் பார்த்தான். பின்னால் பார்த்தான். டிக்கியைத் திறந்து பார்த்தான். "இல்ல சார். எவனோ எடுத்திருக்கான். எடுத்து ரொம்ப நாளாச்சு. இல்லேன்னா இப்படி ஒட்டாது."

ஷெட்டுக்கு ஒரே சாவி. அந்தச் சாவி ஒரே இடத்தில்தான் இருந்தது.

நான் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன். மச்சான் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் தூக்கியிருந்தது. காற்றில் திரைச்சீலை உள்ளே ஒதுங்கியிருந்தது. இத்தனை நாள் திரைக்குப் பின்னால் முனை மட்டும் தெரிந்த முட்டுக் கட்டை அன்று முழுதாகத் தெரிந்தது. தேக்கு. மூன்று வளையம்.

கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணுல பட்டுதா?" என்றார் மச்சான். "கமா எங்க, புள்ளி எங்கன்னு தேடற ஆளு. ஒரு மாசமா மூக்குக்கு முன்னாடி நிக்குது, தெரியல."

"நீங்க வண்டிக்குள்ள ஏறியிருக்கீங்க."

"எங்கப்பா வண்டில நான் ஏறக்கூடாதா?"

"யாரும் தொடக் கூடாதுன்னு அவ சொன்னா. இத எடுத்ததால கிளட்ச் ஒட்டிப் போச்சு. தெரிஞ்சே எடுத்தீங்களா? ஓடக் கூடாது, உங்க வாசல்லயே கிடக்கணும்னு எடுத்தீங்களா?"

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. நாங்கள் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம்.

"கிளட்சுக்குன்னு எவனுக்குத் தெரியும்? கால வெக்க எடமில்லாம குறுக்க ஒரு கட்டை கிடந்துச்சு, உருவிப் போட்டேன்."

"எதுக்கு உள்ள உக்காரணும்?"

"வேற எங்கடா உக்காருவேன்?"

'மாப்பிள்ளை', 'நீங்க' எல்லாம் போய்விட்டது. இத்தனை வருடத்தில் அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"அவ போன அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தேன்ல? உன் ஆளுங்க, உன் அச்சகத்து ஆளுங்க, ஆஸ்பத்திரி ஆளுங்க. எல்லா நாற்காலிலயும் ஒருத்தன் உக்காந்திருந்தான். எவனாவது எந்திரிச்சானா? நீ நிமிந்து பாத்தியா? கூடப் பொறந்தவன் செவுத்துல சாஞ்சு நின்னேன். கால் வலிச்சுது. வந்துட்டேன்."

அன்று அவர் வந்து கொஞ்ச நேரத்தில் காணாமல் போனதை நான் மறக்கவில்லை. தங்கை முகத்தைக்கூட இருந்து பார்க்காத ஆள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். யார் எழுந்தார்கள், யார் நின்றார்கள் என்று அன்று நான் பார்க்கவில்லை. அது உண்மைதான்.

"ஷெட்டுக்கு வந்து உக்காந்தேன். அவ்வளவுதான். பொழுது விடியற வரைக்கும் உக்காந்தேன். போதுமா?"

நான் வேறு எதையோ கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"சீட்டப் பின்னால தள்ளியிருக்கலாமே. கட்டை தானா விழுந்திருக்கும்."

அவர் என்னை முறைத்தார். "அவ வெச்ச சீட்ட நான் எதுக்கு நகத்தணும்?" என்றார். ஜன்னல் கட்டையைத் தட்டிவிட்டார். ஜன்னல் தடாலென்று என் முகத்துக்கு முன்னால் இறங்கியது.

இதற்குப் பிறகு எங்களுக்குள் சமாதானம் ஆகியிருக்க வேண்டும் என்று இதைக் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். ஆகவில்லை. மறுநாள் சாவி திட்டின் மேல்கூட இல்லை. கேட்டுக்கு அடியில் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

சோடாவிடம் கேட்டேன்: "கியர்பாக்ஸ இறக்காம வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. எனக்குப் புடிக்காது." தலையைச் சொறிந்தான். "இன்ஜின நல்லா சூடு பண்ணி அணைக்கணும். அப்புறம் முதல் கியர்ல போட்டு, கிளட்ச மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்பணும். திருப்பின உடனே வண்டி குதிச்சுக் கிளம்பிடும். நிக்காது. கிளட்ச விடாம ஆக்சிலேட்டர அமுக்கி விடணும், அமுக்கி விடணும். அந்த வெட்டுல தட்டு பிரிஞ்சாலும் பிரியும். பிரேக் போட்டா இன்ஜின் செத்துடும், மறுபடி முதல்லேர்ந்து. முற்றத்துல எடம் பத்தாது, நேரா கேட்டுக்கு வெளியதான். தெருவுல ஆள் வந்தா என்ன பண்றது? நான் உக்கார மாட்டேன். கேட்டு உடைஞ்சா உங்க மச்சான் என் கழுத்தத்தான் புடிப்பாரு."

"நான் உக்காரறேன்."

"உங்க கழுத்த ஏற்கெனவே புடிச்சுட்டாரு" என்றான்.

மாதத்தின் கடைசி நாள். தகுதிச் சான்றிதழுக்காக வாகனத் தணிக்கை அலுவலகத்தில் மதியத்துக்கு முன்பு நேரம் வாங்கியிருந்தேன். பிரேக், விளக்கு, டயர் எல்லாம் சரி. கிளட்ச் மட்டும்தான் பாக்கி. இன்ஜினை வெகு நேரம் ஓடவிட்டுச் சூடு பண்ணி அணைத்தோம். சோடா தெருவுக்குப் போய்ச் சிவப்புத் துணியோடு நின்றான். அன்று கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நானே திறந்துகொள்ளலாம் என்று போனால், சோடா வெளியே போனதும் மாட்டிய புதுப் பூட்டுத் தொங்கியது. மச்சான் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் எடுக்கறேன்" என்றார்.

"என்னது?"

"வண்டிய. நீங்க ஓட்டிப் பழகினது வேற. இது குதிக்கும்னு சொல்றான். நான் லாரி ஓட்டினவன். தெரு முனை வரைக்கும் நான் எடுக்கறேன். அப்புறம் நீங்க கொண்டு போங்க."

மறுபடி 'நீங்க' வந்திருந்தது. அவர் குரலில் ஏதோ தாழ்ந்திருந்தது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் கொடுக்கவில்லை. அந்த ஒரு தெரு முனைக்காக அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார் என்பது தெரிந்தும் கொடுக்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து நின்றதற்கு நான் வருந்தலாம். வண்டி வேறு.

"வேணாம் மச்சான். கேட்டத் தொறங்க."

"தொறக்கலேன்னா?"

"இடிச்சுட்டுப் போவேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் போனா என்னுதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

போய் ஏறினேன். முட்டி ஸ்டீரிங்கில் இடித்தது. முதல் கியரில் போட்டேன். கிளட்சைத் தரை வரை மிதித்தேன். அவர் அசையவில்லை. சாவியைத் திருப்பினேன்.

வண்டி ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவது போல முன்னால் பாய்ந்தது. ஸ்டார்ட்டர் அலறியது, இன்ஜின் பிடித்துக்கொண்டது. முற்றத்தின் தரை என் கீழே கடகடவென்று ஓடியது. கேட் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கில் கால் வைக்கவில்லை. வைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் அவர் பூட்டுச் சாவியை எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"டேய், டேய், பைத்தியக்காரா!" என்று கத்திக்கொண்டே மச்சான் பாய்ந்து பூட்டைத் திறந்தார். ஒரு கதவைத் தோளால் தள்ளினார். மற்றதைக் காலால் உதைத்தார். நான் வெளியே வந்தபோது இடது பக்கக் கண்ணாடி கேட் தூணில் உரசி மடங்கியது. அவ்வளவுதான் சேதம்.

தெருவில் ஆக்சிலேட்டரை அமுக்கினேன், விட்டேன். அமுக்கினேன், விட்டேன். வண்டி தவளை போலத் தத்தியது. சோடா துணியை வீசிக்கொண்டு முன்னால் ஓடினான், திரும்பித் திரும்பித் திட்டினான். தெரு முனை வந்துவிட்டது. அதற்கு மேல் பெரிய சாலை. இனி பிரேக் போட்டே ஆக வேண்டும். கிளட்சை மிதித்தபடி பிரேக்கை அழுத்தினேன். அடியில் எங்கோ டக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடியது.

"பிரிஞ்சுது!" என்று கத்தினான் சோடா. "பிரிஞ்சுது சார்! அணைச்சுடாதீங்க!"

தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் அலுவலகத்துக்குப் போகும் சாலை. அதனால் மறுபடி அந்த வீட்டைக் கடக்க வேண்டியிருந்தது. மச்சான் கேட் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் நாற்காலிக் கால். என்னைப் பார்த்ததும் சாலைக்குள் இறங்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நிறுத்தினேன். ஜன்னல் வழியாக அதைப் பக்கத்து சீட்டில் எறிந்தார்.

"இதையும் எடுத்துட்டுப் போ. உன் வீட்டு நாற்காலி எனக்கு எதுக்கு?"

திரும்பி நடந்தார். கேட்டைச் சாத்தும் சத்தம் மூன்று வீடு தாண்டியும் கேட்டது.

தணிக்கை அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், என்னோடு ஏறி ஒரு சுற்று வந்தார். பக்கத்து சீட்டில் கிடந்த நாற்காலிக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. மடங்கிய கண்ணாடியை நிமிர்த்தச் சொன்னார். கடைசியில் இறங்கும்போது என் முட்டியைப் பார்த்தார்.

"எல்லாம் சரி சார். இந்த சீட்ட மட்டும் பின்னால தள்ளுங்க. முட்டி ஸ்டீரிங்ல மாட்டுது. இப்படி ஓட்டினா நான் எழுதித் தர முடியாது."

"பழகிப் போச்சும்மா."

"எனக்குப் பழகல. தள்ளுங்க."

நெம்புகோலைப் பிடித்தேன். துருவில் இறுகியிருக்கும் என்று நம்பினேன். இல்லை. லேசாகத்தான் இழுத்தேன், சீட் சரேலென்று பின்னால் போய் நின்றது. அதிகாரி எழுதிக் கொடுத்தார்.

எங்கள் அடுக்குமாடியின் கீழே நிறுத்திவிட்டு, நாற்காலிக் காலை எடுத்துப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை.